எடைக்குப் போகாத பொருள்கள்

வங்கிப் பணியில் இருப்பவர்களுக்குத் தேய்மானம் என்பது அன்றாடம் பழகிய சொல். ஒரு மேசையை வாங்கிய நாள் முதல் ஆண்டுதோறும் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் ஏட்டில் ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். மேசையோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உழைத்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு தருமபுரி மாவட்டத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது.

அப்பா மறைந்தபின், பெங்களூருவில் எங்களுடன் வசிக்க அம்மா ஒப்புக்கொண்டார். அவருடன் ஒரு கல் உரல், நெல் அளந்த படி, பித்தளை உருளி, இரண்டு தூக்குவாளிகள், பல்லாங்குழிப் பலகை, அரிக்கேன் விளக்கு, துருவேறிய டிரங்குப் பெட்டி ஆகியவையும் வந்தன. மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் இவற்றுக்கு இடமேது? பழைய பாத்திரம் வாங்குபவரை அழைத்தோம். அவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து விலை சொன்னார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே எங்களைத் தடுத்தது. பிறகு சொல்லி அனுப்புவதாகக் கூறி வியாபாரியை அனுப்பிவைத்தோம்.

கொலு வைத்தவர்களுக்குப் புதிதன்று

பழம்பொருள்களைக் கொண்டு தோட்டமும் விருந்து மேசையும் அமைப்பது இன்று நகரங்களில் பரவிவரும் விருப்பம். பழமைத் தோற்றம் தரும் புதிய பொருள்களைக் கூட நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் இக்கலை நம் வீடுகளுக்குப் புதியதன்று. நவராத்திரியில் கொலுப்படிகளுக்கு அருகே பூங்கா அமைத்த நினைவு பலருக்கும் இருக்கும். உடைந்த கண்ணாடி குளமாகும், தீப்பெட்டிகள் வீடுகளாகும், தட்டில் முளைவிட்ட கேழ்வரகும் கடுகும் வயலாகும். ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, வீட்டில் கிடப்பதைக் கொண்டே அதை உருவாக்குவதுதான் அதன் இலக்கணம். பெங்களூருவில் கன்னடக் குடும்பங்களும் தசராவில் பொம்மைகளை அடுக்கி இவ்விழாவைக் கொண்டாடுகின்றன.

கருப்பொருளின் வலிமையை அறிய லால்பாக் மலர்க்கண்காட்சியைக் காணலாம். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் இன்று 240 ஏக்கரில் விரிந்துள்ளது. 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அதன் கண்ணாடி மாளிகையில், குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்கள் ஒரு கதை சொல்கின்றன. 2024 ஆகஸ்டில் அம்பேத்கரின் வாழ்வும், 2025 ஜனவரியில் வால்மீகியும் கருப்பொருள்களாயின. முதலில் பொருள் முடிவாகிறது. மலர்கள் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே வழி.

கழித்த பொருள்களுக்கு மறுவாழ்வு தந்ததில் நம் நாட்டின் பெரும் சான்று சண்டிகரில் உள்ளது. சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த நேக் சந்த், உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகள், ஓடுகள் முதலியவற்றைச் சேகரித்து, 1957 முதல் அரசு நிலத்தில் எவரும் அறியாமல் சிற்பங்களை உருவாக்கி வந்தார். பல ஆண்டுகள் கழித்து அது அதிகாரிகளின் பார்வைக்கு வந்தபோது, விதிப்படி இடிக்கப்பட்டிருக்கலாம். மாறாக, 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருக்கு 1984-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

உரலில் மண் போடலாமா?

முதல் திட்டத்தை நாங்களே வகுத்தோம். உரலில் மண் நிரப்பிச் செடி வைப்பது, படியைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் விளக்கை வைப்பது என்று தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாவு ஆட்டின உரல்ல மண்ணைப் போடுவாங்களா? நெல் அளந்த படியைக் கவுத்து வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எங்கள் பிழை புரிந்தது. அப்பொருள்களின் முதல் வாழ்வை அறிந்தவரைக் கேளாமலே இரண்டாம் வாழ்வை முடிவு செய்துவிட்டோம். தாளை அவரிடமே கொடுத்தோம். ஊர் வீட்டின் கொல்லைப்புறமே அவர் தேர்ந்த கருப்பொருள்.

உரலில் நீர் நிரப்பி மலர் மிதக்கவிடலாம் என்றார். தோட்டக்கலை நோக்கிலும் அதுவே சரி. அடியில் துளையில்லாத கல்லில் நீர் வடியாது. செடியின் வேர் அழுகிவிடும். டிரங்குப் பெட்டியின் அடியில் துளையிட்டு, உடைந்த செங்கற்களைப் பரப்பி, மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்து நிரப்பினோம். அதில் கற்பூரவல்லியும் புதினாவும் வளர்கின்றன. இரும்பு வெயிலில் விரைவாகச் சூடேறுமாதலால், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துள்ளோம். தூக்குவாளிகளைத் துளையிடவில்லை, சிறு தொட்டிகளை அவற்றுள் இறக்கி வைத்தோம். பித்தளை பழுதாகாது; வேண்டும்போது மீண்டும் பாத்திரமாகவே பயன்படும். குறைந்த மண்தொட்டிகளைப் பாட்டரி டவுன் குயவர்களிடம் வாங்கினோம்.

இலையின் நுனி எந்தப் பக்கம்?

அம்மாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு உறவினர் பன்னிருவரை அழைத்தோம். மேசையின் நடுவே படி நிமிர்ந்து நின்றது. அதில் அரிசி நிரப்பி, சிறு கண்ணாடிக் குப்பியைப் புதைத்துச் செவந்திப் பூக்களை வைத்தார் அம்மா. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் ஊறுகாயும் துவையலும் வைத்த சிறு கிண்ணங்கள் அமர்ந்தன. உருளியில் தாமரை இதழ்கள் மிதந்தன. தட்டுகளுக்குப் பதிலாக வாழையிலை. நாங்கள் விரித்த இலைகளின் நுனி வலப்பக்கம் இருப்பதைக் கண்டு, உண்பவருக்கு இடப்பக்கமாக ஒவ்வொன்றையும் அவரே திருப்பி வைத்தார். நகரத்துக்கு வந்தபின், வீட்டில் அவர் உரிமையோடு எங்களைத் திருத்தியது அன்றுதான் முதல் முறை.

அன்று வந்த குழந்தைகள் பல்லாங்குழி ஆடுவது எப்படி என்று கேட்டனர். கிண்ணங்களை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். விருந்து முடிந்தும் ஆட்டம் முடியவில்லை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இவ்வாறு அமைக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் முழுக் கொசுவாகிவிடும். ஆகவே உருளியிலும் உரலிலும் உள்ள நீரை இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கல் பொருள்களைப் பால்கனியின் வெளி விளிம்பில் வைக்காமல் சுவரையொட்டி வைப்பது பாதுகாப்பு. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளி, எலுமிச்சை, தயிர் சேர்ந்த உணவைப் பரிமாறலாகாது. பழைய வண்ணப்பூச்சு உரியும் பெட்டிகளில் உண்ணும் கீரைகளை வளர்க்க வேண்டாம். அப்பூச்சில் காரீயம் இருக்கக்கூடும்.

தண்ணீரும் நினைவில் நிற்க வேண்டும். 2024 மார்ச்சில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது, தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. எங்கள் தொட்டிகளுக்கு அரிசியும் காய்கறியும் கழுவிய நீரே போதுமானதாக இருக்கிறது. உரலிலிருந்து மாற்றும் நீரும் செடிகளுக்கே செல்கிறது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டை விழுந்த இரண்டு அண்டாக்களும் நசுங்கிய குடமும் எடைக்கே சென்றன. எவை போகலாம் என்று அம்மாதான் பிரித்துக் கொடுத்தார். கிடைத்த பணத்தையும் அவர் கணக்கிலேயே செலுத்தினோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இவ்வாறான பொருள்கள் உறங்கிக்கொண்டிருக்கலாம். தராசை வரவழைக்கும் முன், அவற்றைப் பயன்படுத்தியவர் வீட்டில் இருந்தால் ஒருமுறை அவரைக் கேளுங்கள். எங்கள் உரலில் இப்போது காலைதோறும் சிட்டுகள் நீர் அருந்துகின்றன. நீர் மாற்றும் நாளை அம்மா நாட்காட்டியில் குறித்து வைக்கிறார். இதுவரை ஒரு நாளும் தவறியதில்லை.