விண்டோஸ் ஹோமிலிருந்து ப்ரோ: யாருக்குத் தேவை, யாருக்கு வீண் செலவு?

"உங்க லேப்டாப்ல இருக்கிறது ஹோம் எடிஷன். ஆபீஸ் வேலைக்கு ப்ரோ போட்டாத்தான் சரிவரும்." வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலரும் ஒருமுறையாவது கேட்ட அறிவுரை இது. பெயரிலேயே 'ப்ரோ' இருப்பதால் வேகம் கூடும், ஹேங் ஆகாது என்று நம்பிக் காசைக் கட்டுபவர்களும் உண்டு. உண்மையில் வேகம் துளிகூடக் கூடாது. கேமும் அதே கேம்தான், எக்செலும் அதே எக்செல்தான்.

குழப்பத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வெர்ஷன், எடிஷன் இரண்டையுமே நாம் 'பதிப்பு' என்கிறோம். மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றியவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று புரியும். 'திருத்திய இரண்டாம் பதிப்பு' வேறு, 'மலிவுப் பதிப்பு' வேறு. விண்டோஸ் 10, 11 என்பது முதல் வகை. ஹோம், ப்ரோ என்பது இரண்டாவது வகை. ஒரே புத்தகம், விலைக்கேற்ற கட்டமைப்பு.

இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் வருவது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'. மெனுக்கள் ஒரே மொழியில்தான் இருக்கும், அவ்வளவுதான். தமிழில் டைப் செய்ய எந்தத் தடையும் இல்லை. உங்களிடம் இருப்பது எது? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 'எடிஷன்' என்ற வரியில் தெரிந்துவிடும்.

ப்ரோவில் அப்படி என்ன இருக்கு?

முக்கியமானது ரிமோட் டெஸ்க்டாப். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மேலூரில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வடபழஞ்சி ஐடி பார்க்கில் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும் என்று வையுங்கள். ப்ரோ இருக்க வேண்டியது ஆபீஸ் கம்ப்யூட்டரில். வீட்டு லேப்டாப்பில் அல்ல. ஹோம் எடிஷனிலிருந்து வெளியே தொடர்புகொள்ள முடியும், மற்றவர்கள் அதற்குள் வரத்தான் முடியாது. உசிலம்பட்டியில் வீடு, மதுரையில் கடை என்று இருப்பவர் கடையில் ஓடும் டேலியை ராத்திரி வீட்டிலிருந்து பார்க்க நினைத்தால், கடை சிஸ்டத்துக்கு மட்டும் ப்ரோ போதும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற இலவச வழி இருப்பதால் அதுகூடக் கட்டாயமில்லை. (முன்பின் தெரியாதவர் போனில் சொல்லி இந்த மாதிரி ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், உடனே கட் பண்ணிவிடுங்கள்.)

அடுத்தது பிட்லாக்கர். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி. வாடிக்கையாளர்களின் பான், வங்கி விவரங்களை வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இது நிஜமாகவே தேவை. ஆனால் புது லேப்டாப்கள் பலவற்றில் ஹோமிலேயே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம் இருக்கிறது; பல நேரம் அது தானாகவே ஆன் ஆகியும் இருக்கும். இரண்டுக்குமே 48 இலக்க ரெக்கவரி கீ உண்டு. மதர்போர்டு மாற்றிய பிறகு சிஸ்டம் அதைக் கேட்கலாம். அப்போது கீ கையில் இல்லையென்றால் டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிப்பாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஹைப்பர்-வி, குரூப் பாலிசி, கம்பெனி டொமைனில் சேர்வது ஆகியவையும் ப்ரோவில்தான். இந்தப் பெயர்களையே கேள்விப்பட்டதில்லை என்றால் உங்களுக்கு அவை தேவைப்பட்டதில்லை என்று அர்த்தம்.

ஃபார்மட் செய்யணுமா?

வேண்டாம். ப்ரோவுக்கான சமாச்சாரம் ஏற்கெனவே உங்கள் சிஸ்டத்தில் பூட்டிய அறையாக இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பகுதியில் கீ கொடுத்தாலோ, ஸ்டோரில் பணம் கட்டினாலோ, ரீஸ்டார்ட் ஆகி அறை திறக்கும். ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கும். இருந்தாலும் பேக்கப் எடுத்துவிடுங்கள், நடுவில் கரண்ட் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? திரும்பி ஹோமுக்கு வருவதுதான் சிரமம். அதற்கு மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. விண்டோஸ் 7 காலத்தில் நெட்புக்குகளில் வந்த 'ஸ்டார்ட்டர்' எடிஷனில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. காசு கட்டி அடுத்த எடிஷனுக்குப் போகும் வசதிக்கு அன்றைக்கு 'எனிடைம் அப்கிரேட்' என்று பெயர்.

அமெரிக்காவில் ஹோம் டூ ப்ரோ மாற்றத்துக்கு மைக்ரோசாஃப்ட் வாங்குவது 99 டாலர். அப்படியிருக்க, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கீ எப்படிக் கிடைக்கிறது? ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய லைசென்ஸிலிருந்து கசிந்த கீயாக அது இருக்கலாம். இன்று ஆக்டிவேட் ஆகும். மைக்ரோசாஃப்ட் முடக்கும் நாளில் போய்விடும், காசும் திரும்பாது. 'ஆக்டிவேட்டர்' ஃபைல்கள் இதைவிட மோசம், மால்வேரை நாமே கூப்பிட்டு உட்காரவைப்பது போல.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்?

ப்ரோ வாங்கினால் மறுபடி அப்டேட் வரும் என்று நினைத்தால், வராது. 2025 அக்டோபர் 14 அன்று ஹோம், ப்ரோ இரண்டுக்குமே ஆதரவு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீள்கிறது. வன்பொருள் ஒத்துழைத்தால் விண்டோஸ் 11-க்கு மாறுவது இலவசம். ஹோம் ஹோமாகவே மாறும். ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும்.

2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் முதலில் வந்தவை இந்த வரம்புக்குள் வர வாய்ப்பே இல்லை. அவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு தன் அலுவலகங்களையும் அதே பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பழைய மெஷினை இன்னும் நாலு வருஷம் ஓட்ட நினைப்பவர்கள் எடிஷனுக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். இன்ஸ்டால் செய்யாமலேயே ஓடும்.