கோலாரில் உதித்த குண்டுவீச்சுப் படை

பேத்தமங்களா: தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த இவ்வூருக்குச் சற்றுத் தொலைவில், கோலாரில், உலகப் போர்க் காலத்தில் ராணுவ விமானதளம் இருந்தது என்றால் இன்று நம்புவோர் சிலரே. 1944 நவம்பரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 358-வது பிரிவு அங்குதான் உதயமாயிற்று. அதன் விமானம் அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர்.

பழைய விமானங்களை இனம் காண்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு லிபரேட்டரைக் கண்டுகொள்வது சுலபம். நான்கு என்ஜின்கள். உடலின் மேல்பாகத்தில் ஒடுங்கி நீண்ட இறக்கை. வாலின் இரு முனைகளிலும் முட்டை வடிவத் தட்டுகள். ரயில் என்ஜினைத் தூரத்திலேயே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவது மாதிரிதான். ஆனால் அது எந்த லிபரேட்டர் என்பதில்தான் சிக்கல்.

போர் முடிந்ததும் வெள்ளையர் இவற்றைக் கான்பூரில் சேதப்படுத்திக் கைவிட்டுப் போயினர். பெங்களூர் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைச் செப்பனிட்டு எழுப்பினார்கள். சாமானிய வேலையல்ல அது! நமது விமானப்படை புது எண்கள் எழுதி, 1968 வரை ஓட்டியது. ஆகவே வர்ணத்தை நம்பாமல், தயாரிப்புத் தகட்டையும் பழைய பதிவேடுகளையும் ஒப்பிட்டே பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர் எச்.ஈ. 807 என்று எழுதியது, முன்னாளில் கே.என். 751. அது 1974-ல் பிரிட்டனுக்கு நன்கொடையாகப் போய், அங்கே ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் பழைய எண்ணோடு நிற்கிறது. இன்னொன்று டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.