பகைவனின் சட்டைப்பையில் ஒரு குடும்பம்

போர்ச் செய்திகளை நாம் கேட்கும்போது, இத்தனை பேர் இறந்தனர் என்ற எண்ணிக்கை காதில் விழுகிறது. சற்று நேரத்தில் மறந்தும் போகிறது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் முகத்தைக் காட்டிய ஒரு நாவலை இன்று சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் 1898இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் எரிக் மரியா ரெமார்க். முதல் உலகப் போரில், 18 வயதில் படைக்கு அழைக்கப்பட்டார். 1917 ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல்களால் படுகாயமடைந்தார். அதற்கு மறுநாள்தான், திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு மடல் எழுதி, இது பயனற்ற படுகொலை என்று எச்சரித்தார். தலைவர்கள் செவிசாய்க்கவில்லை.

ரெமார்க் எழுதிய நாவல் 1929இல் நூலாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்' என்று அது அறியப்படுகிறது. ஆசிரியரின் வீரப் பேச்சை நம்பிப் படையில் சேர்ந்த மாணவன் பால், பதுங்குகுழியில் காண்பது வீரத்தை அல்ல. சேறும் எலிகளும் பசியும் நண்பர்களின் சாவுமே.

ஒருமுறை, குண்டு விழுந்த பள்ளத்தில் பால் ஒளிந்திருக்கிறான். உள்ளே வந்து விழும் பிரெஞ்சுப் படைவீரனை அச்சத்தில் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே இறப்பதில்லை. மணிக்கணக்கில் அருகிலிருந்து, தண்ணீர் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப்போடுகிறான் பால். இறந்தபின் அவனது சட்டைப்பையைப் பார்க்கிறான். மனைவி, சிறு மகள் ஆகியோரின் படங்கள். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. அச்சுத் தொழில் செய்தவன். பால் மனம் உடைந்து மன்னிப்பு வேண்டுகிறான். இனி இப்படி நடக்கவிடமாட்டேன் என்று வாக்களிக்கிறான்.

ஆனால் தன் அணிக்குத் திரும்பியதும், போர் என்றால் அப்படித்தான் என்று தன்னையே தேற்றிக்கொள்கிறான்.

இங்குதான் இந்நாவல் நம்மைத் தொடுகிறது. தனிமையில் பிறந்த மனமாற்றம், நம்மவர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. தம்பியைக் கொன்ற காயினிடம் ஆண்டவர் கேட்ட கேள்விக்கு, எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன் என்பது பதிலாகுமா?

உண்மையைச் சொன்ன இந்நூலை 1933இல் நாசிகள் தீயிட்டு எரித்தனர். அடுத்த பெரும்போர் 1939இல் வந்தது.

வரும் ஞாயிறு மன்றாட்டில், போரில் இறந்த நம்மவருக்காக மட்டுமல்ல, எதிர்ப்புறத்தில் இறந்தவர்களுக்காகவும் செபிப்போம். அமைதியின் ஆண்டவர் அவர்களது முகங்களையும் நமக்குக் காட்டுவாராக!