கைச்சீட்டின் வலிமையை அளப்பது எப்படி?

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீரின் செறிவைத் திரவமானி கொண்டு அளக்கலாம். கடல்நீர் ஏறத்தாழ 3 பாமே பாகை காட்டும். வெயிலில் வற்றி 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். ஆனால், 30 பாகையை நெருங்கிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிடில் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும். எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் பொருளும் தெரிய வேண்டும். காண்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்திலும் இதே நிலைதான்.

இதில் ஆடுவோர் நால்வர். எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சி. ஆளுக்கு 13 சீட்டு. நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்கினால் ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முன்கூட்டியே ஏலம் கேட்க வேண்டும். குறைத்துக் கேட்டால் பரிசு கைநழுவும். கூட்டிக் கேட்டால் அபராதம். கூட்டாளியின் சீட்டோ உங்களுக்குத் தெரியாது. ஒரு கைக்கு வரக்கூடிய சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் அதிகம்! பிறகு எப்படி முடிவு செய்வது?

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று மதிப்பெண் இடுவார்கள். கட்டு முழுவதற்கும் 40. ஆகவே ஒரு கைக்குச் சராசரி 10. பொதுவாக 12 அல்லது 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்து 25 அல்லது 26 இருந்தால், துருப்பு இல்லாமலே 9 பிடிகள் கேட்கத் துணியலாம்.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடும் 304 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பது ஆட்ட விதி. பிரிட்ஜில் 4, 3, 2, 1 என்பது விதியன்று, வெறும் மதிப்பீடு. மதிப்பீட்டைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

இஸ்பேடு துருப்பு என்று கொள்வோம். உங்களிடம் துருப்புகள் பல உண்டு. கிளாவரில் ஒரே ஒரு சிறு சீட்டு. அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால், இரண்டாம் முறை கிளாவர் வந்தால் துருப்பால் வெட்டலாம் அல்லவா? ஆகவே அதுவும் வலிமையே. மாறாக, தனித்து நிற்கும் ராணிக்குக் கணக்கில் 2 உண்டு. எதிரியின் ஏஸ் விழுந்தால் அதுவும் போய்விடும்.

இடமும் முக்கியம். உங்களிடம் ஒரு ராஜாவும் அதே இனத்தில் ஒரு சிறு சீட்டும் இருக்கின்றன. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், வலப்பக்கத்து எதிரி உங்களுக்கு முன்பு ஆடுவார். ஏஸ் அவரிடம் இருந்தால், அவர் அதை இறக்கும்போது நீங்கள் சிறு சீட்டைப் போட்டு ராஜாவைக் காப்பாற்றலாம். ஏஸ் இடப்பக்கத்தாரிடம் இருந்தால் ராஜாவுக்கு ஆபத்து. தொடக்கத்தில் இரண்டுக்கும் வாய்ப்பு சமம். வலப்பக்கத்தார் அந்த இனத்தை ஏலத்தில் கேட்டாலோ, உங்கள் ராஜாவின் மதிப்பு உயர்கிறது. இடப்பக்கத்தார் கேட்டால் தாழ்கிறது. சீட்டு மாறவில்லை, நமது அறிவு மாறியிருக்கிறது.

2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். இந்த ஆட்டத்தில் முதல் எண்ணிக்கை ஒரு தொடக்கமே. புதிய செய்தி வரும்போதெல்லாம் கணக்கைத் திருத்திக்கொள்பவரே வல்லவர். ஆய்வுக்கூடத்திலும் நாம் செய்வது அதுதானே!