ஹைகிரவுண்டுக்குப் போகிற வழி

கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அங்கே 1965-இல் வந்தது. அதற்கு முன் நம் பக்கத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். மதுரைக் கல்லூரியும் 1954-இல்தான் தொடங்கியது. அதற்கும் முன்னால் சென்னைதான். கல்லூரி பக்கத்தில் வந்து அறுபது வருஷம் ஆகிறது. ஆனால் யாருக்கு அங்கே இடம் என்பதை முடிவு செய்யும் அளவுகோல் தலைமுறைக்கு ஒருமுறையாவது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிளஸ் டூவுக்கு முந்தைய பி.யூ.சி. காலத்தில் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் உண்டு. ஒரு சமயம் நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண். 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெரியகருப்பன் வழக்கில் இந்த விவரம் வருகிறது. பத்து மதிப்பெண் முன்னே பின்னே இருந்தால் இடம் கைமாறும் போட்டியில் 75 என்பது மிகப் பெரிய எண். விளையாட்டு, என்.சி.சி., உடல் தகுதி, பொதுத் திறன் எல்லாம் அதில் அடக்கம். ஆற்றங்கரைப் பள்ளியில் தமிழில் படித்து, ஊரைத் தாண்டாத பையன் நேர்முகக் குழுவின் மேஜைக்கு முன்னால் போய் உட்காரும்போது அவனுடைய உயிரியல் அறிவு எவ்வளவு துணைக்கு வந்திருக்கும்? ‘மெட்ராஸில் நமக்கு யாரைத் தெரியும்?’ என்று பெற்றவர்கள் அன்று கேட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது.

அதே காலத்தில் மாவட்டவாரியாக இடம் ஒதுக்கிப் பார்த்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்துப் பிள்ளைக்குத் திருநெல்வேலியின் பங்கு. 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு 2001-இல் ஊரகப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கினார்கள். அதையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறந்த இடத்தாலும் படித்த இடத்தாலும் வரும் குறையை ஈடுகட்ட அரசு எடுத்த முயற்சி இரண்டு முறையும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இதற்கிடையே 1978-இல் பிளஸ் டூ வந்தது. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. பிள்ளையின் முகமோ பேச்சோ கணக்கில் இல்லை. அது பெரிய விடுதலை. கூடவே, பரீட்சை முடிந்த கையோடு நகரத்துக்குப் போய் அறை எடுத்துத் தங்கி கோச்சிங் படிக்கும் வழக்கமும் தொடங்கியது. 2007-இல் நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானது.

அந்தப் பத்து வருஷக் கணக்கு ஊரில் பலருக்கு இன்னும் மனப்பாடம். உயிரியலில் வாங்கிய இருநூறுக்கானதைப் பாதியாக்கு, இயற்பியலையும் வேதியியலையும் கால் ஆக்கு, மூன்றையும் கூட்டு. அதுதான் கட்-ஆஃப். ரிசல்ட் வந்த அன்றைக்கே கால்குலேட்டர் இல்லாமல் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கால் மதிப்பெண்ணில் நூறு பேர் முன்னே போய்விடுவார்கள். பிறகு ஒரிஜினல் சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கி, நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவும் பெண்ணும் சென்னைக்குக் கவுன்சலிங் போவார்கள். முன்னால் திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே மீதி இடம் தெரியும். தன் முறை வருவதற்குள் திருநெல்வேலிக்கு எதிரே உள்ள எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தையே தள்ளிவைத்து, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் நாமக்கல் பக்கம் பெருகின. தரவரிசைப் பட்டியலின் மேல்பகுதியை அவையே நிரப்பின. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அதில் விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் ஒன்று உண்டு. வகுப்பில் வாத்தியார் நடத்திய புத்தகமும் இடம் வாங்கித் தந்த புத்தகமும் ஒன்றாகவே இருந்தன.

நீட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. 2017-இலிருந்து பிளஸ் டூவில் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும். ரேங்க் முழுக்க நீட் மதிப்பெண்ணில். அந்த வருஷம் 1200-க்கு 1176 வாங்கியும் இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதாவை இழந்தோம். அடுத்த வருஷம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு எர்ணாகுளத்தில் தேர்வு மையம். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. 196 மதிப்பெண் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. இன்று முதல் முயற்சியில் கிடைக்காதவர்கள் ‘ரிப்பீட்டர்’ ஆகிறார்கள். ஒரு வருஷம் சும்மா இருந்து படிக்கவும் கோச்சிங்குக்குப் பணம் கட்டவும் வசதி உள்ள வீட்டுக்குத்தான் அந்த இரண்டாம் முயற்சி. அப்பளம் இட்டுக் குடும்பம் நடத்தும் வீட்டுப் பெண்ணுக்கு அது எளிதில் வராது.

பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். ஆகியவற்றுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான். பழைய கட்-ஆஃப் அங்கே உயிரோடு இருக்கிறது. நீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று துவண்டுபோன பிள்ளையிடம் இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்; பல நேரம் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேரவோ இப்போது நீட் வேண்டும்.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக 400-க்கு மேல் இடம். ஊரை வைத்து ஒதுக்கியவை நிற்கவில்லை. பள்ளியை வைத்து ஒதுக்கிய இதை 2022-இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் இல்லை. தாமிரபரணிக் கரையில் பழைய பள்ளிகள் பல உதவி பெறுபவைதான். அங்கே படிப்பவர்களும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒரே தெருவில், ஒரே மாதிரி ரேஷன் கார்டு வைத்திருக்கும் இரண்டு வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாசல் உண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. பதினோரு வயதில், பக்கத்தில் இருக்கிறதே என்று சேர்த்துவிட்ட பள்ளி அதை முடிவு செய்துவிடுகிறது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேர்த்தாக வேண்டும்.