தொடையில் போடும் அரை மில்லி

காஞ்சிபுரம் அருகே கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாய் ஒன்றின் பெயரைச் சொல்கிறது: பெரும்பிடுகு. முதலாம் பரமேசுவரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. அந்தத் தண்ணீர் பரமேசுவர தடாகம் என்ற ஏரியை நிரப்பியது. ஏரி இருந்தால் நெல். நெல் இருந்தால் எலி. எலி வளை தோண்டிய வரப்பில் பாம்பு. காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கத்து வயல்களில் இன்றும் அறுப்புக்கு இறங்குகிறவர்கள் கண்ணாடி விரியனுக்குப் பயந்துதான் கால் வைக்கிறார்கள்.

கடித்து விஷம் ஏறிவிட்டால் அதை முறிக்க இருப்பது ஒரே மருந்து: பாம்பின் விஷத்தைக் கொண்டே தயாராகும் விஷமுறிவு மருந்து. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் அங்கே கறந்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். நிறுவனங்கள் அதைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுத்துப் பொடியாக்குகின்றன. உயிரைக் காக்கும் இந்தப் புரதம் மனித உடம்புக்கு அந்நியமானது. சிக்கல் தொடங்குவது அதனால்தான்.

ட்ரிப்ஸில் மருந்து ஏறத் தொடங்கிச் சில நிமிடங்களில் சிலருக்கு உள்ளங்கை அரிக்கும். உடம்பெங்கும் தடிப்பு கிளம்பும். குரல் கம்மும், மூச்சு இழுக்கும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினால், குழாய்க்குள் ஓடும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடச் சதைக்குள் இறங்கிவிடலாம். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். அனஃபிலாக்சிஸ் என்பது இதுதான். குளவி கொட்டியும் வரும், பென்சிலின் ஊசியாலும் வரும். விஷத்துக்குத் தப்பியவரை மருந்து கொண்டுபோய்விடக் கூடாது என்றால், பக்கத்து ட்ரேயில் இன்னொரு மருந்து தயாராக இருக்க வேண்டும்.

அது ஒரு சுண்டுவிரல் உயர ஆம்பூல். பழுப்புக் கண்ணாடிக்குள் 1 மில்லி தெளிந்த திரவம், அதில் 1 மில்லிகிராம் அட்ரினலின். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அந்தப் பழுப்பு. திரவமே இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். விலை சொற்பம்.

நம் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் ஊற்றுகிற பொருள் இது. 1901இல் ஜோக்கிச்சி தக்காமினே என்ற ஜப்பானியர் இதைத் தூய படிகமாகப் பிரித்ததை அறிவித்தார். ஆனால் அதன் நடத்தை விளங்கவில்லை. தோலில் உள்ள ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. அதே பொருள் மூச்சுக் குழாயை விரிக்கிறது. ஒன்றே எப்படி இரண்டும் செய்யும்? செல்களின் மேல் இதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். முதலில் அனுப்பிய ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அனஃபிலாக்சிஸில் எது எது கெடுகிறதோ அது அத்தனையையும் இந்த இரண்டு வகை ஏற்பிகள் வழியாக அட்ரினலின் சரிசெய்கிறது: கசியும் குழாயை இறுக்குகிறது, மூச்சுப் பாதையைத் திறக்கிறது, இதயத்தை வலுவாக அடிக்கவைக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டும் செல்களையும் அடக்குகிறது. எனக்கு இது இன்றும் தீராத ஆச்சரியம்.

ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் இதைச் செய்யாது. அவில் அரிப்பைத்தான் ஆற்றும். ஆனாலும் பல இடங்களில் கை முதலில் அவற்றுக்குத்தான் போகிறது. அட்ரினலின் கடைசியில், பயந்து பயந்து. இலங்கையில் மூன்று மருத்துவமனைகளில் பாம்பு கடித்த 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. விஷமுறிவு மருந்துக்கு முன்பே தோலுக்கடியில் கால் மில்லி அட்ரினலின் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும், அவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும் தடுத்ததாகத் தெரியவில்லை.

தோலடி ஊசி அப்படி முன்கூட்டிப் போட மட்டும். ஒவ்வாமை வந்த பிறகு அதை நம்பக் கூடாது. அங்கே அட்ரினலின் சுற்றியுள்ள குழாய்களைச் சுருக்கி, தான் ரத்தத்தில் கலக்க வேண்டிய வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தசையில் போட்டால் இந்தத் தடை இல்லை. குழந்தைகளிடம் அளந்து பார்த்தபோது தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலடியில் 34 நிமிடம். பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புற நடுவில். குழந்தைக்கு எடை கிலோவுக்கு 0.01 மில்லி. இதயம் துடித்துக்கொண்டிருப்பவருக்கு இதே அளவை ரத்த நாளத்தில் ஒரேயடியாகச் செலுத்தினால் ஆபத்து. மருத்துவர்களின் பயம் அங்கிருந்து வந்தது. தொடைக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அவ்வளவே.

ரத்தத்தில் அட்ரினலினின் ஆயுள் மிகக் குறைவு. இரண்டு மூன்று நிமிடங்களில் பாதி சிதைந்துவிடும். அதனால் 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி அரை மில்லி. அதுவரை அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியே வைக்க வேண்டும்; சட்டென எழுப்பி உட்காரவைத்தால் மிச்ச ரத்தமும் இதயத்துக்குத் திரும்பாமல் உயிர் போகலாம். தடிப்பு வாடி, இழுப்பு நின்று, நாடி நிறைந்து கைக்குப் படும்போது, நர்ஸ் நிறுத்தி வைத்த ட்ரிப்ஸை மெல்லத் திறப்பார். விரியனின் விஷம் இன்னும் உள்ளே இருக்கிறது; மிச்சக் குதிரைப் புரதமும் ஏறியாக வேண்டும்.