முலைக்காம்பு புண்ணானாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

பிரசவமான முதல் வாரத்தில் முலைக்காம்பு நோவதும் வெடிப்பதும் பல தாய்மாருக்கு ஏற்படும். அந்த நோவுக்குப் பயந்து பால்மாவுக்கு மாற வேண்டாம். நீண்ட காலம் பாவிக்காத கிணற்று நீரில் கரைத்த பால்மா குழந்தைக்குக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கலாம்.

ஏன் புண்ணாகிறது?

பெரும்பாலும் குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதே காரணம். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயை அகலத் திறந்ததும் மார்போடு அணையுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியின் பெரும்பங்கு வாய்க்குள் போக வேண்டும். நாடி மார்பில் படவேண்டும். நோவு தொடர்ந்தால் இழுத்து எடுக்காதீர்கள். கடைவாயில் சுத்தமான சின்னவிரலை வைத்து விடுவித்து, மீண்டும் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

• நோவு குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள்.
• கொடுத்து முடிந்ததும் சில துளி பாலைக் காம்பில் பூசிக் காற்றில் உலரவிடுங்கள்.
• காம்புக்குச் சவர்க்காரம் போடாதீர்கள்.
• தாங்க முடியாவிட்டால், கைகளைக் கழுவிப் பாலைக் கையால் எடுத்து, கொதிநீரில் அவித்த சிறு கோப்பையால் பருக்குங்கள். போத்தலும் சூப்பியும் வேண்டாம்.

விற்றமின் பற்றி

முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் விற்றமின் ஏ நிறைய உண்டு. அதைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். இரத்தக்கசிவைத் தடுக்கும் விற்றமின் கே ஊசி, பிறந்தவுடன் வைத்தியசாலையில் போடப்படும். வீட்டிலோ வழியிலோ பிறந்த குழந்தையாயின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடனோ மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தைக்கு விற்றமின், இரும்புச்சத்துத் துளிகள் தேவைப்படலாம். வைத்தியர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் நிறைந்ததும் விற்றமின் ஏ கிளினிக்கில் கிடைக்கும். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை.

தாமதிக்காமல் காட்டுங்கள்

தாய்க்குக் காய்ச்சல், மார்பில் சிவந்த கட்டி, குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவு, ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். முகாமில் தந்த கிளினிக் அட்டையைக் கொண்டுசெல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போகத் தயங்காதீர்கள்.